நிழலுருப் படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

புகைப்படத்தில் இருக்கும் ஆளை முழுக் கறுப்பாக்கி, பின்னால் ஒரு வண்ணத்தையோ அந்தி வானத்தையோ வைத்தால் நிழலுரு தயார். கேட்பதற்கு எளிது. செய்யத் தொடங்கினால் சட்டையில் ஓட்டை விழுகிறது, ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது, தலைமுடி ஹெல்மெட் ஆகிவிடுகிறது. உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள். ஃபோட்டோஷாப்பையும் ஜிம்ப்பையும் வைத்து எழுதியிருக்கிறேன். லேயரும் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படலம்) மாஸ்க்கும் (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் திரை) உள்ள எந்த மென்பொருளிலும் இதே வேலைகளைச் செய்யலாம், மெனு இருக்கும் இடம்தான் மாறும்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உருவம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அந்த எல்லைக்குள் கறுப்பை நிரப்புவது இன்னொரு வேலை. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டையும் ஒரே ஸ்லைடரில் முடித்துவிடப் பார்ப்பதால் வருபவை.

சோதித்துப் பார்க்க ஓர் ஏற்பாடும் வேண்டும். உருவம் உள்ள லேயருக்குக் கீழே பளிச்சென்ற மஞ்சளில் ஒரு வெற்று லேயர் வையுங்கள். 100 சதவீத அளவில் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள், பிறகு 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டம் கட்டமான ஒளிபுகும் பின்னணியில் ஒளிந்துகொள்ளும் பிழையை மஞ்சள் உடனே காட்டிக்கொடுக்கும்.

த்ரெஷோல்ட் போட்டால் ஆளில் பாதியைக் காணோம்

வெள்ளைச் சட்டை வானத்தோடு கரைந்துவிடுகிறது. கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுகிறது. முடியும் பின்னால் உள்ள மரமும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொள்கின்றன. ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளினால் ஆள் மறைகிறார், வலப்பக்கம் தள்ளினால் பின்னணியும் கறுத்துப்போகிறது.

த்ரெஷோல்ட் ஒவ்வொரு பிக்சலிடமும் கேட்பது ஒரே கேள்வி: நீ இந்த எண்ணைவிட வெளிச்சமா, இருட்டா? 0 முதல் 255 வரையிலான அளவில் நாம் வைக்கும் எண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு, மேலே இருப்பதெல்லாம் வெள்ளை. அந்தப் பிக்சல் சட்டையில் இருக்கிறதா மேகத்தில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆள் தலை முதல் கால் வரை பின்னணியைவிட இருட்டாக இருந்தால் மட்டும் இது உதவும். அதாவது வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து எடுத்த படத்துக்கு. மற்றப் படங்களில் எந்த எண்ணை வைத்தாலும் சரிவராது, எண்ணைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

மாற்று வழி இது. முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பில் செலக்ட் மெனுவில் உள்ள சப்ஜெக்ட் நல்ல தொடக்கம். ஜிம்ப்பில் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் இருக்கிறது, ஓரம் தெளிவாக உள்ள படத்துக்கு, புள்ளி புள்ளியாக வைத்து வளைகோடு வரையும் பாத்ஸ் கருவி அதைவிட நம்பகமானது. பிறகு குயிக் மாஸ்க்குக்கு மாறி (ஃபோட்டோஷாப்பில் கியூ விசை, ஜிம்ப்பில் ஷிஃப்ட்டுடன் கியூ) விட்டுப்போன இடத்தையும் அதிகமாகப் பிடித்த இடத்தையும் பிரஷ்ஷால் திருத்துங்கள். செலக்‌ஷன் சரியானதும் அதன் மேல் புதிய லேயர் திறந்து கறுப்பை நிரப்புங்கள். இப்போது சட்டை வெள்ளையா சிவப்பா என்பதே பிரச்சினை இல்லை.

ஃபோனில் பின்னணியை நீக்கும் ஆப் ஒன்றில் ஏற்கெனவே ஆளை வெட்டி பிஎன்ஜி கோப்பாக வைத்திருந்தால், அந்த லேயரின் ஒளிபுகும் பகுதியைப் பூட்டிவிட்டு (ஜிம்ப்பில் லாக் ஆல்ஃபா) கறுப்பை ஊற்றினால் போதும்.

கறுப்பை ஊற்றினால் ஒரு மூலை மட்டும் நிறைகிறது

ஜிம்ப்பில் பக்கெட் ஃபில் கருவியின் அமைப்பைப் பாருங்கள். ஒத்த நிறத்தை நிரப்பு என்ற தேர்வில் இருந்தால் நீங்கள் கிளிக் செய்த நிறத்தோடு நின்றுவிடும். முழு செலக்‌ஷனையும் நிரப்பு என்பதற்கு மாற்றுங்கள். கறுப்பு ஊற்றியதும் உருவம் கறுப்பாவதற்குப் பதிலாகக் காணாமல் போனால், நீங்கள் நிற்பது லேயரில் அல்ல, மாஸ்க்கில். மாஸ்க்கில் கறுப்பு என்றால் மறை என்று பொருள். லேயரின் சிறுபடத்தைக் கிளிக் செய்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

கறுப்பு கறுப்பாக இல்லை, பின்னணி லேசாகத் தெரிகிறது

மஞ்சள் லேயரின் மேல் வைத்தால் உருவத்தின் நடுவில் அழுக்கு மஞ்சளாக ஒரு திட்டு தெரியும். முதலில் லேயரின் ஒப்பாசிட்டி (ஒளிபுகாத அளவு) 100 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது என்றால் மாஸ்க்குக்குள் சாம்பல் நிறம் இருக்கிறது. தானியங்கித் தேர்வுகள் சட்டை மடிப்பிலும் விரல் இடுக்கிலும் அரைகுறையாகத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகும். தேர்வை லேயரின் மாஸ்க்காக வைத்திருந்தால், ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் தனியாகத் தெரியும். உள்ளே சாம்பல் தெரிகிற இடத்தில் வெள்ளைப் பிரஷ்ஷை ஓட்டுங்கள். ஓரத்தில் இருக்கும் சாம்பலைத் தொட வேண்டாம், அதுதான் விளிம்பை மென்மையாக வைத்திருப்பது.

லெவல்ஸ் அல்லது பிரைட்னஸ் ஸ்லைடரை இழுத்து ஆளை இருட்டாக்கியவர்களுக்கும் இதே குறை வரும். இருட்டாக்குவது நிரப்புவது ஆகாது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே 20, 30 என்ற அளவில் மிச்சம் இருக்கும். வேறொரு திரையில் பார்த்தால் சட்டைப் பொத்தான் வரை தெரியும்.

உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒரே மாதிரி கோட்டைக் கொண்டுவரும், ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது.

முதலில் உருவ லேயரின் கண் குறியை அணைத்துவிட்டுப் பின்னணியை மட்டும் பாருங்கள். அங்கே பழைய ஆள் இன்னும் நிற்கிறாரா? அப்படியானால் உங்கள் கறுப்பு உருவம் அவரைவிட ஒரு நூல் சிறியதாக இருக்கிறது, அவருடைய தோளும் காதும் விளிம்பில் எட்டிப்பார்க்கின்றன. கறுப்பு உருவத்தின் செலக்‌ஷனை எடுத்து, ஜிம்ப்பில் குரோ, ஃபோட்டோஷாப்பில் எக்ஸ்பாண்ட் கட்டளையால் 1 அல்லது 2 பிக்சல் விரித்து மறுபடி நிரப்புங்கள். நிழலுருவில் இப்படி விரிப்பதற்குத் தயங்க வேண்டாம். வண்ணப் படத்தை வெட்டும்போது விரித்தால் பழைய பின்னணியின் நிறமும் கூடவே வந்துவிடும். இங்கே உள்ளே கறுப்பைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் 2000 பிக்சல் அகலப் படத்தில் 2 பிக்சலுக்கு மேல் போனால் விரல் தடிக்கும், மூக்கின் கூர்மை போய்விடும்.

பின்னணியில் ஆள் இல்லை, ஆனாலும் கோடு இருக்கிறது என்றால், ஆளைக் கறுப்பாக்கிய விதத்தைப் பாருங்கள். விளிம்பில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் ஆளின் நிறமும் பழைய வானத்தின் நிறமும் கலந்த கலவை. ஸ்லைடரால் இருட்டாக்கினால் உள்பகுதி கறுக்கும், அந்தக் கலவை மட்டும் வெளுப்பாகவே நிற்கும். லாக் ஆல்ஃபா போட்டுத் தூய கறுப்பை நிரப்புங்கள். அப்போது கலவையின் நிறம் போய், அது எவ்வளவு ஒளிபுகும் என்பது மட்டும் மிஞ்சும். கோடு அந்த நொடியிலேயே மறைந்துவிடும். ஓர நிறத்தை நீக்கும் ஃபோட்டோஷாப்பின் டிஃப்ரிஞ்ச் கட்டளையைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது காரணம் படத்திலேயே பதிந்திருப்பது. பல ஃபோன் கேமராக்கள் படத்தைச் சேமிக்கும்போதே ஷார்ப்பன் செய்துவிடும். வானத்துக்கு எதிரே நிற்கும் இருட்டான ஆளைச் சுற்றி, வானத்தைவிடவும் வெளுத்த ஒரு வளையம் இதனால் வரும். நீங்கள் அசல் வானத்தையே பின்னணியாக வைத்திருந்தால் இந்த வளையம் அப்படியே நிற்கும். இது வானத்தில் இருக்கிற குறை, எனவே வானத்தில்தான் திருத்த வேண்டும். ஆள் நிற்கிற இடத்தைச் சேர்த்துச் சில பிக்சல் அகலமாகத் தேர்ந்தெடுத்து, குளோன் அல்லது ஹீல் கருவியால் பக்கத்து வானத்தை அங்கே நிரப்பிவிட்டு, மேலே உருவத்தை வையுங்கள்.

ஓரம் ரம்பப் பல்லாக இருக்கிறது

த்ரெஷோல்ட் விட்டுச்செல்வது கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும். நடுவில் சாம்பல் இல்லாததால் சாய்வான கோடெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். மேஜிக் வாண்ட் போன்ற தேர்வுக் கருவியில் ஆன்ட்டி அலையாஸ் (ஓரத்தில் சாம்பல் படிகளைச் சேர்த்து மென்மையாக்கும் தேர்வு) அணைந்திருந்தாலும், பிரஷ்ஷுக்குப் பதிலாகப் பென்சிலால் திருத்தினாலும் இதுவே நடக்கும். ஜிம்ப்பில் படம் இண்டெக்ஸ்ட் மோடில் (குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் அனுமதிக்கும் முறை) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே ரம்பப் பல்லாகிவிட்ட ஓரத்தை மீட்க நான் எப்போதும் நாடுவது மாஸ்க்கில் செய்யும் ஒரு சின்ன வேலை. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 2 பிக்சல் காஸியன் பிளர் கொடுங்கள். ஓரம் புகையாகிவிடும், பயப்பட வேண்டாம். அப்புறம் அதே மாஸ்க்கில் லெவல்ஸைத் திறந்து, இன்புட் கறுப்பை 100க்கும் வெள்ளையை 155க்கும் கொண்டுவாருங்கள். புகை சுருங்கி மறுபடி கூர்மையான ஓரமாகும், ஆனால் படிக்கட்டு போயிருக்கும். இரண்டு முனைகளையும் சேர்த்தே இடப்பக்கம் நகர்த்தி, உதாரணமாக 70க்கும் 125க்கும் வைத்தால், உருவம் சற்றுப் பருக்கும். வலப்பக்கம் நகர்த்தினால் மெலியும். விரிக்கும் குரோவும் சுருக்கும் ஷ்ரிங்க்கும் முழு முழுப் பிக்சலாக நகர்வதைவிட இது நுணுக்கமானது.

இதற்கு ஒரு விலை உண்டு. பிளர் கூர்மையான முனைகளை உருட்டிவிடும். மூக்கு நுனி, உதடு, விரல் நுனி, இமை ஆகிய இடங்களைத் தேர்விலிருந்து விலக்கிவிட்டு மற்ற ஓரத்துக்கு மட்டும் கொடுங்கள். முகத்தின் கோட்டைப் பாத்ஸ் கருவியால் கையால் வரைவதே சிறந்தது.

ஓரம் படிக்கட்டாக இல்லாமல் அலை அலையாக நெளிந்தால், அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, அதிகம் சுருக்கினால் விளிம்பை ஒட்டிப் புள்ளிகள் மொய்க்கும். மெசேஜ் ஆப் வழியாகக் கைமாறி வந்த படத்தில் இது அடிக்கடி தெரியும். அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் படத்தை மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கி, அதன் மேல் ஓரத்தை வரைந்து, கறுப்பு நிரப்பிய பின் சிறிதாக்குங்கள்.

தலைமுடி ஹெல்மெட் மாதிரி இருக்கிறது

முடியின் ஓரத்தை லாசோவால் வளைத்துப் பிடித்தால் இப்படித்தான் ஆகும். பின்னணி வெளிச்சமாகவும் ஒரே சீராகவும் இருந்தால், முடியை வண்ணச் சேனலே பிரித்துக் கொடுக்கும். சேனல்ஸ் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். நீல வானத்துக்கு எதிரே எடுத்த படத்தில் பெரும்பாலும் நீலச் சேனலில்தான் வானம் வெளுத்தும் முடி கறுத்தும் இருக்கும். அந்தச் சேனலை நகலெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் முடி வெள்ளை, வானம் கறுப்பு. லெவல்ஸால் இடைவெளியைக் கூட்டுங்கள். மிச்சமிருக்கும் சாம்பலை டாட்ஜ் கருவியை ஹைலைட்ஸில் வைத்தும், பர்ன் கருவியை ஷேடோஸில் வைத்தும் மெல்லத் துடையுங்கள். டாட்ஜ் வெளுத்ததை மேலும் வெளுப்பாக்கும், பர்ன் கறுத்ததை மேலும் கறுப்பாக்கும், இழைகள் தப்பித்துக்கொள்ளும். முகத்தின் உள்பகுதியை வெள்ளைப் பிரஷ்ஷால் மொத்தமாக நிரப்பிவிட்டு, சேனலை செலக்‌ஷனாக மாற்றுங்கள்.

பின்னால் மரமும் சுவரும் கலந்து கிடந்தால் சேனல் கைகொடுக்காது. அப்போது வரைந்துவிடுங்கள். இதில் தவறேதும் இல்லை. நிழலுருவில் முடிக்கு நிறமும் பளபளப்பும் கிடையாது, இழையின் போக்கு மட்டும்தான் உண்டு. 2 அல்லது 3 பிக்சல் கடின பிரஷ்ஷை எடுத்து, தலைக்குள் இருந்து வெளியே, நுனியில் மெலியும்படி இழுங்கள். எல்லா இழையும் ஒரே நீளமாகவோ ஒரே இடைவெளியிலோ இருக்கக் கூடாது. காதோரத்திலும் பின்கழுத்திலும் சில இழைகள் விழுந்தாலே தலைமுடி என்று கண் ஏற்றுக்கொள்ளும், தலை முழுக்க வரைந்தால் முள்ளாகிவிடும்.

எல்லாம் சரி, ஆனால் யார், என்ன என்றே புரியவில்லை

ஓரம் சுத்தம், கறுப்பு தூய கறுப்பு, ஆனாலும் பார்த்தால் ஒரு மூட்டை. இது மென்பொருளின் பிழை அல்ல, எந்த ஃபில்டரும் இதைத் தீர்க்காது. நேராகக் கேமராவைப் பார்த்துக் கையைக் கட்டி நிற்கும் ஆளைக் கறுப்பாக்கினால் கண், வாய், கை எல்லாமே போய்விடும், மிஞ்சுவது வெளிக்கோடு மட்டும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கறுப்புத் தாளை வெட்டி முகம் செய்துகொடுத்த கலைஞர்கள் பெரும்பாலும் பக்கவாட்டு முகத்தையே எடுத்தது இதனால்தான். நெற்றி, மூக்கு, உதடு, தாடை நான்கும் வரிசையாக வெளிக்கோட்டில் வருவது அந்தக் கோணத்தில் மட்டும்.

வேலையில் இறங்குவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். ஆளைத் தோராயமாக வளைத்துக் கறுப்பு நிரப்பி, 100 பிக்சல் உயரத்துக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். என்ன செய்கிறார் என்று அந்த அளவிலும் புரிந்தால் மேலே போகலாம். புரியாவிட்டால் வேறு படம் தேடுவதுதான் மரியாதை.

வேறு படம் இல்லை என்றால், இருக்கும் படத்தில் இடைவெளிகளைத் திறந்துவிடுங்கள். இடுப்பில் வைத்த கைக்கும் உடலுக்கும் நடுவே, இரண்டு கால்களுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியின் வளையத்துக்குள், காதணிக்கும் கழுத்துக்கும் நடுவே பின்னணி தெரிய வேண்டும். தானியங்கித் தேர்வு இவற்றில் பலவற்றை மூடிவிடும். கையில் பிடித்திருக்கும் பொருள் உடலோடு ஒட்டிக் கிடந்தால் அதைத் தனியே வெட்டி வெளியே தள்ளி வையுங்கள். இன்னொரு படத்திலிருந்து கையையே எடுத்து ஒட்டவும் செய்யலாம். வண்ணப் படத்தில் இதற்கு ஒளியும் தோல் நிறமும் பொருந்த வேண்டும், இங்கே கோணமும் அளவும் பொருந்தினால் போதும். நிழலுரு தரும் இந்தச் சுதந்திரத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

வெட்டி ஒட்டியது மாதிரி, காற்றில் மிதப்பது மாதிரி தெரிகிறது

பாதத்தைப் பாருங்கள். புல்லிலோ மணலிலோ நின்ற ஆளை வெட்டினால் கால் நுனி பாதியில் அறுந்திருக்கும். உருவத்தோடு தரையையும் கறுப்பாக்கி, இரண்டையும் ஒரே வடிவமாகச் சேர்த்துவிடுங்கள். தரைக்கோடு ரூலர் வைத்து இழுத்ததாக இல்லாமல், ஓரிரு புல்லும் கல்லும் மேடும் இருக்கட்டும்.

அடுத்தது சூரியன். உருவத்துக்கு நேர் பின்னால் சூரியன் இருந்தால், அந்த இடத்தில் ஒளி கறுப்பின் விளிம்பைத் தின்றுவிடும். எல்லா ஓரமும் ஒரே கூர்மையில் இருந்தால் கண் நம்பாது. புதிய லேயரை ஸ்க்ரீன் மோடில் (கீழே உள்ளதை வெளுப்பாக்கும் கலப்பு முறை) வைத்து, வானத்தின் நிறத்தையே எடுத்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால் குறைந்த ஒப்பாசிட்டியில் அந்த இடத்தில் மட்டும் ஒருமுறை தடவுங்கள். பின்னணி மங்கலாக இருக்கும் படத்தில் உருவத்தின் ஓரத்துக்கும் அரைப் பிக்சல் பிளர் கொடுத்தால் இரண்டும் சேரும்.

வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு

8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். செம்மஞ்சளிலிருந்து கருநீலத்துக்கு மெல்ல மாறும் பெரிய வானத்துக்கு அது போதாமல் போகும். கிரேடியண்ட் (நிறம் மெல்ல மாறும் நிரப்பல்) போடுவதற்கு முன்பே 16 பிட்டுக்கு மாற்றுங்கள், படிகளுக்கு நடுவே புள்ளிகளைக் கலக்கும் டிதர் தேர்வை இயக்குங்கள், முடிவில் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் (துகள் துகளான புள்ளிகள்) சேருங்கள். ஜேபெக் தரத்தை 90க்குக் கீழே இறக்கினால் பட்டை திரும்பி வரலாம்.

சேமித்துத் திறந்தால் முழுப் படமும் கறுப்பு

கோப்பு கெடவில்லை. ஒளிபுகும் பின்னணியோடு சேமித்த பிஎன்ஜியை, பின்னால் கறுப்பைக் காட்டும் வியூவரில் திறந்திருக்கிறீர்கள். கறுப்பின் மேல் கறுப்பு தெரியாது. பகிர்வதற்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து, பின்னணி வண்ணத்தை நிரப்பி, லேயர்களை ஒன்றாக்கிச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மையே கிடையாது. ஜிம்ப்பில் அந்த வெற்றிடம் அப்போது கருவிப்பெட்டியில் உள்ள பின்னணி நிறத்தால் நிறையும், அதனால் சேமிக்குமுன் அந்த நிறத்தைப் பாருங்கள்.

இங்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் செய்தால் எதுவும் நடக்கவில்லை

நடந்திருக்கிறது. இங்க்ஸ்கேப் கோடுகளால் வரையும் மென்பொருள், படத்தின் ஓரத்தைக் கோடாக மாற்ற அதில் உள்ள ட்ரேஸ் பிட்மேப் உருவாக்கிய வடிவம், அசல் படத்தின் மேலேயே அச்சாக உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்து ஓரமாக இழுத்து, கீழே இருக்கும் படத்தை அழியுங்கள். ட்ரேஸுக்குப் புகைப்படத்தைக் கொடுக்காமல், மேலே சொன்னபடி முடித்த கறுப்பு உருவத்தைப் பெரிய அளவில் கொடுங்கள். தூசி தூசியாகத் துண்டுகள் வந்தால் ஸ்பெக்கிள்ஸ் அளவைக் கூட்டுங்கள். கோட்டில் உள்ள நோட் (புள்ளி) எண்ணிக்கை மிகுந்துபோனால், அதைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை ஒருமுறை போதும், இரண்டாம் முறையில் முகம் உருகத் தொடங்கும்.

இங்க்ஸ்கேப்பில் சேமித்த இந்த எஸ்விஜி கோப்பு ஸ்டென்சிலாக வெட்டும் எந்திரத்துக்குப் போகிறது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். உருவம் இருக்கும் இடம்தான் ஓட்டையாகும் என்பதால், கைக்கும் இடுப்புக்கும் நடுவே திறந்துவிட்ட அந்த இடைவெளி எதோடும் ஒட்டாத தீவாக நின்று, வெட்டியதும் கீழே விழுந்துவிடும். அதை வெளிப்பகுதியோடு இணைக்கச் சிறு பாலம் விடுங்கள், முழங்கை மடிப்பில் விட்டால் கண்ணுக்கு உறுத்தாது.